குற்றம் இருக்கும் இடம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பிறரிடத்தில் ஒரு குற்றம் கண்ணில் பட்டால், அதை என்ன செய்வது என்பதையே நாம் முதலில் யோசிக்கிறோம். சொல்லித் திருத்துவதா, பொறுத்துக்கொள்வதா, ஒதுங்கிப் போவதா என்று மனம் ஓடுகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குற்றம் எங்கே இருக்கிறது? காணப்படுபவரிடமா, காண்கிற நம்மிடமா? இதைத் தெளிய ஒரு லௌகிக த்ருஷ்டாந்தத்தை ஸ்ரீவைஷ்ணவர்கள் திருமுன்பே விண்ணப்பிக்கிறேன்.

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் வருஷத்தின் பெரும்பகுதி வெயில்தான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள்ளிருக்கும் துணியும் புத்தகமும்கூட ஈரம் கொள்ளும். தோலுறையில் போட்டு மூடி வைத்த பழைய பிலிம் கேமராவை அதன்பின் எடுத்துக் கண்ணருகே வைத்தால், வ்யூஃபைண்டரில் கரும்புள்ளிகள் தெரியும். சிலவற்றில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். கேமரா கெட்டுவிட்டது, இனி எடுக்கும் படமெல்லாம் இப்படித்தான் விழும் என்று பலர் முடிவு கட்டிவிடுவர்.

உண்மை வேறு. ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் என்னும் வகைக் கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே சாய்வாக நிற்கும் கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. அது ஃபோகஸிங் ஸ்க்ரீன் என்னும் சொரசொரப்பான தகட்டில் விழுந்து, மேலேயுள்ள பட்டகத்தில் திரும்பி நம் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி மேலே எழும்பி ஒதுங்கிக்கொள்ளும். ஒளி நேரே பிலிமில் விழும். ஆகவே தகட்டிலும் பட்டகத்திலும் இருக்கிற தூசி நம் பார்வையைத்தான் கெடுக்கும், படத்தில் பதியாது. படம் பதிகிற அந்த க்ஷணத்தில் வ்யூஃபைண்டர் இருண்டிருக்கும். நாம் எதையும் காண்பதே இல்லை.

அந்தத் துகள்கள் எங்கிருந்து வந்தன என்பதும் கவனிக்கத் தக்கது. கண்ணாடி மேலே எழும்பி இடிக்கும் அதிர்ச்சியைத் தாங்க அங்கே மெல்லிய பஞ்சுப்பட்டை ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பல வருஷ ஈரத்தில் அது பிசுபிசுத்து, கறுப்புத் துகள்களாக உதிரும். முன்பு காப்பாக இருந்ததே பின்பு கறையாகிறது. நம் மனத்திலுள்ள முன்முடிவுகளும் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம். எப்போதோ பட்ட அடிக்குக் காப்பாகக் கொண்ட எச்சரிக்கை, நாள்பட்டு உதிர்ந்து, காண்பவர் முகத்திலெல்லாம் புள்ளியாகத் தெரிகிறது.

கோஷ்டியில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்தியில்லாதவர் என்று நம் உள்ளம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அவர் அதில் திவ்யப்ரபந்தம் ஸேவித்துக்கொண்டிருக்கக்கூடும். வெளிநாட்டில் பிறந்து, தமிழெழுத்தை இப்போதுதான் கூட்டிப் படிக்கிற பிள்ளையாகவும் இருக்கக்கூடும். நாம் கண்ட புள்ளி அந்த ஆத்மாவின் ஸ்வரூபத்தில் பதியவில்லை. எம்பெருமானும் அவரை நம் வ்யூஃபைண்டர் வழியாகக் கடாக்ஷிப்பதில்லை.

திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய திருமெய்யம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஸத்யமூர்த்தி நின்ற திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்க, குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளும் எழுந்தருளியிருக்கிறான். மது கைடபர்கள் வந்தபோது, பெருமாளின் யோகநித்திரை கலையாதபடி ஆதிசேஷன் தானே விஷஜ்வாலையை உமிழ்ந்து விரட்டியதாக ஸ்தலபுராணம் சொல்லும். திருவுள்ளம் அறியாமல் செய்துவிட்டோமே என்று அவர் அஞ்சிப் படங்களைச் சுருக்கிக்கொள்ள, பெருமாளோ அச்செயலை மெச்சியருளினான். செயல் ஒன்றுதான். செய்தவர் அதை அபசாரமாகக் கண்டார். ஸ்வாமி கைங்கர்யமாகக் கண்டான். மெய்யம் என்று பேர்பெற்ற ஊரில் இருவர் பார்வையில் எது மெய் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஸஹஸ்ரநாமத்தில் ‘அவிஜ்ஞாதா’ என்னும் திருநாமத்துக்கு, அடியார்களின் குற்றத்தை அறியாதவன் என்று பராசர பட்டர் பொருள் அருளிச்செய்தார். எல்லாம் அறிந்தவன் இதை மட்டும் அறியாதிருக்கிறான். பிள்ளைலோகாசார்யரோ ஸ்ரீவசநபூஷணத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நமக்கே தீங்கு செய்தவரிடத்திலும் பொறையும் க்ருபையும் சிரிப்பும் உகப்பும் உபகார நினைவும் வேண்டும் என்பது அவர் திருவுள்ளம். மெய்யாகவே குற்றம் செய்தவரிடத்தில் இப்படி என்றால், நம் கண்ணின் தூசியால் குற்றவாளியாகத் தோன்றுபவரிடத்தில் எப்படி இருக்க வேண்டும்?

அப்படியானால் குற்றமெல்லாம் பார்ப்பவர் கண்ணில்தானா? திருக்கோயில் சொத்து பறிபோனாலும், எளியவர் வஞ்சிக்கப்பட்டாலும், நம் பார்வைக் கோளாறு என்று சும்மா இருப்பதா? அது தகாது. பூஞ்சை லென்ஸிலேயே படர்ந்தால் படம் மங்கும். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சையும் அரித்துவிடும். அதை உடனே கவனித்தாக வேண்டும். ஆகவே இடத்தைச் சோதித்தறிவதே முதற்கடமை. கேமராவில் சோதனை எளிது. லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், புள்ளி அப்படியே இருக்குமாகில் அது லென்ஸில் இல்லை. வங்கியிலும் இதுவே முறை. அன்றாடக் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், காசாளரைச் சந்தேகிக்கும் முன்பு நம் கூட்டலை மறுபடி போட்டுப் பார்ப்போம். அதன் பின்னும் குறைந்தால்தான் விசாரணை. மனிதர் விஷயத்திலும், எங்கே போனாலும் யாரைப் பார்த்தாலும் ஒரே குறைதான் தெரிகிறது என்றால், அது நம்மிடம் இருப்பதாகக் கொள்ளலாம்.

இருப்பது தெரிந்த பின்பு துடைக்கும் வகை என்ன? அங்கேதான் ஆத்திரம் கெடுக்கிறது. அந்தத் தகடு பெரும்பாலும் மெல்லிய ப்ளாஸ்டிக். நுண்ணிய வரிகள் கொண்டது. சாய்கண்ணாடிக்கோ ரசப்பூச்சு முன்புறத்திலேயே இருக்கிறது. வேஷ்டி நுனியால் அழுத்தித் துடைத்தால் தூசி போகலாம். கீறல் என்றைக்கும் போகாது. ரப்பர் பல்பினால் மெல்ல ஊதலாம். அதற்கும் போகாத பூஞ்சையை, பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை, புள்ளி நம் பக்கத்தது என்று அறிந்துகொண்டே படம் எடுக்கலாம். படம் பழுதின்றி வரும்.

நம் நெஞ்சின் மாசும் அப்படியே. நானே துடைத்துக்கொள்வேன் என்று கிளம்பினால் அஹங்காரம் என்னும் கீறல் விழும். ஆசார்யன் திருவடிகளில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதே நமக்கு உற்றது. அதுவரையில், எதிரே வரும் பாகவதரிடத்தில் ஏதேனும் புள்ளி தெரிந்தால், அது நம் பக்கத்ததாக இருக்கலாம் என்று எண்ணி முதலில் கைகூப்புவோமாக.

அடியேன் ராமாநுஜ தாஸன்.