பாதங்களைக் கழுவிய குருநாதர்

ஜெருசலேமை நோக்கிய இறுதிப் பயணம். தமக்கு நேரவிருக்கும் துன்பத்தையும் மரணத்தையும் ஏசுநாதர் சீடர்களிடம் வெளிப்படையாகக் கூறிவிட்டார். அந்த வேளையில்தான் செபெதேயுவின் மனைவி தன் மைந்தர் இருவருடன் வந்து அவரை வணங்கினாள். அவரது அரசில் ஒரு மகன் வலப்புறமும் மற்றவன் இடப்புறமும் அமர வேண்டும் என்பதே அவளது வேண்டுகோள்! மற்றச் சீடர்கள் பதின்மரும் சினந்தனர். கேட்டது தகாது என்பதாலா, தங்களை முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்களே என்பதாலா? இறுதி விருந்தின்போதும், தங்களுள் யார் பெரியவர் என்று அவர்கள் வாதிட்டதாக லூக்கா எழுதியிருப்பதைக் காணும்போது, இரண்டாவது காரணமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

உயர்வை நாடியவர்களை ஏசுநாதர் விரட்டவில்லை. உயர்வு எது என்பதை மாற்றியமைத்தார். உலகில் பெரியவன் ஆள்கிறான். சீடர்களிடையே பெரியவனாக விழைபவனோ ஏவலனாக வேண்டும்.

சொன்னதை அவர் செய்தும் காட்டினார். புழுதி நிறைந்த அந்நாட்டில் விருந்தினரின் கால்களைக் கழுவுவது கடைநிலை ஊழியனின் வேலை. விருந்தின் நடுவே எழுந்து, மேலாடையைக் களைந்து, துண்டை இடையில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடர்களின் பாதங்களைக் கழுவித் துடைத்தார் குருநாதர். சற்று நேரத்தில் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாஸும் அப்போது அங்கேதான் இருந்தான்; அவனுடைய கால்களும் விலக்கப்படவில்லை.

பேதுரு மட்டும் மறுத்தார். அது பணிவுபோல் தோன்றலாம். ஆனால் குருவின் செயலை ஏற்காமல், குரு எப்படி இருக்க வேண்டும் என்று தாமே வரையறுக்கும் 'நான்' அதில் ஒளிந்திருக்கிறது. தொண்டு செய்வதைவிடத் தொண்டை ஏற்பது சில நேரங்களில் கடினம்.

இந்தப் பாடத்தை ஒரு சங்கத்தின் அமைப்பிலேயே பொறித்தவர் அசிசி நகர் பிரான்சிஸ். தம் துறவியருக்கு 'சிறிய சகோதரர்கள்' என்று பெயரிட்டார். சங்கத்தை நடத்துபவரைத் தலைவர் என்னாமல், 'ஊழியர்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கச் செய்தார். 1220-இல் அப்பொறுப்பையும் துறந்து, தாம் தோற்றுவித்த சங்கத்திலேயே பிறருக்குக் கீழ்ப்படிந்தவராக 1226-இல் மறையும்வரை வாழ்ந்தார். குருப்பட்டத்தை அவர் ஏற்கவே இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பெயரில் பணிவு எளிது. பொறுப்பைக் கைவிட்டபின் அங்கேயே தங்கிக் கீழ்ப்படிவதுதான் அரிது.

'நான்' முற்றிலும் அகலாது என்றால், அது இறைவனின் சேவகனாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பார் ஸ்ரீராமகிருஷ்ணர். தம் குருதேவரின் சாதனை நாட்களைப் பற்றி சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு துப்புரவுத் தொழிலாளியின் இல்லத்தைத் தூய்மை செய்ய குருதேவர் விரும்பினார். ஓர் அந்தணர் அதைச் செய்ய, பேதுருவைப் போலவே, அந்த ஏழையும் இணங்க மாட்டார். எனவே அவர் கேட்கவில்லை. எல்லோரும் உறங்கும் நள்ளிரவில் அங்கு சென்று, தமது நீண்ட தலைமுடியாலேயே அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, எவரும் அறியாமல் திரும்பினார்.