பேசின கூலியும் கர்த்தருடைய காதும்

 

தியானப் பகுதி: சங்கீதம் 15, எரேமியா 22:13-17, யாக்கோபு 5:4

போன மாதம் திருவிருந்து ஆராதனையில் ஒரு காரியம் என் கண்ணில் பட்டது. ஒரு சகோதரர் அப்பத்தை எடுக்காமல் தட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார். பிறகு தனியே அழைத்துக் கேட்டேன். "பாஸ்டர், எனக்கு வீடு கட்டித் தரேன்னு அட்வான்ஸ் வாங்கின பிரதர் மூணாவது வரிசையில கை தட்டிப் பாடிக்கிட்டிருக்கார். என் வீடு லிண்டல் மட்டத்தோட நிக்குது. வாடகையும் கட்டுறேன், பேங்க் வட்டியும் கட்டுறேன். எனக்கு எப்படி அப்பம் இறங்கும்?" என்றார்.

காண்ட்ராக்டர் சகோதரரையும் கேட்டேன். "ஐயா, ப்ளானை மூணு தடவை மாத்தினார். கம்பி விலை ஏறிப்போச்சு. எக்ஸ்ட்ரா வேலைக்குக் காசு கேட்டா, எல்லாம் பேசினதிலேயே அடக்கம்னு சொல்றார். நான் எங்கே போவேன்?" என்றார்.

இரண்டு பேரும் அபிஷேகம் பெற்றவர்கள். இரண்டு பேரும் அந்நிய பாஷை பேசுகிறவர்கள். ஆனால் ஒருவரோடொருவர் தமிழில் பேசி எட்டு மாதமாகிறது! அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இது அந்த இரண்டு பேருடைய பிரச்சினை மட்டும் அல்ல.

கட்டித் தருகிறவருக்கு

அன்பான மேஸ்திரி சகோதரரே, இன்ஜினியர் தம்பியே! ஒரு வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸை வேறொரு சைட்டில் போட்டு, அந்தச் சைட்டின் பணத்தை மூன்றாவது சைட்டில் போட்டு ஓட்டுகிறீர்களா? கேட்டால் "ரொட்டேஷன்" என்கிறீர்கள். வேதம் அதை அப்படிச் சொல்லவில்லை. 12 மில்லி கம்பி என்று பேசி 10 மில்லி போட்டால், கான்கிரீட் அதை மூடிவிடும். மனுஷன் பார்க்க முடியாது. ஆனால் கான்கிரீட்டுக்குள்ளும் பார்க்கிற தேவன் ஒருவர் உண்டு! பலமில்லாத சுவரை மேற்பூச்சால் மறைக்கிறவர்களைப் பற்றி எசேக்கியேல் 13-ம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு ஒப்பனையாகக் கர்த்தர் காட்டினது, மோசமான பூச்சு வேலையைத்தான்.

யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயத்தைப் பழுதுபார்த்தார்கள். வேலையாட்களுக்குக் கொடுக்கும்படி பணத்தை வாங்கினவர்களிடத்தில் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லையாம். காரணம், அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் (2 இராஜாக்கள் 12:15). என்ன ஒரு சாட்சி!

"விலை ஏறினா நான் என்ன பண்ணுவேன் பாஸ்டர்?" நியாயமான கேள்விதான். கையைச் சுட்டாலும் கொடுத்த வாக்கைப் புரட்டாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று தாவீது சொல்லுகிறார். அப்படியானால் வாக்குக் கொடுக்குமுன்பே யோசிக்க வேண்டும். வேலையைப் பிடிப்பதற்காகக் கட்டுப்படியாகாத ரேட் சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்தி அதிகம் கேட்பது வியாபார சாமர்த்தியம் அல்ல, பொய்.

கட்டிக்கொள்ளுகிற வீட்டுக்காரருக்கு

யோயாக்கீம் ராஜா விசாலமான அரண்மனை கட்டினான். கேதுரு மரத்தால் அலங்கரித்தான், சிவப்பு வர்ணம் பூசினான். எல்லாம் அழகு! ஆனால் வேலை செய்தவர்களுக்குக் கூலி இல்லை. அந்த வீட்டுக்கு ஐயோ என்றார் எரேமியா. இன்றைக்கு நம் வீட்டு வாசலில் வசனத்தைக் கிரானைட்டில் செதுக்கி வைக்கிறோம். அந்தக் கல்லைப் பதித்தவனுக்குப் பாக்கி இருந்தால், அந்த வசனமே நமக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லாதா?

என் பாவ அறிக்கை

தேவ ஜனமே, இதுவரை உங்களுக்குப் பிரசங்கித்தேன். இனி என்னைக் குறித்துச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நாம் போதகர் இல்லம் கட்டினோம். மேஸ்திரி நம் சபைக்குப் புதிதாக வர ஆரம்பித்தவர். கடைசி வரிசையில் அமைதியாக உட்காருவார். லேபர் மட்டும் அவருக்கு, சாமான் நம்முடையது. எல்லாம் வாய்ப்பேச்சு. நடுவில் நான், "இங்கே ஒரு ஷெல்ஃப் போடுங்க, மாடிப்படியை அந்தப் பக்கம் திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் எக்ஸ்ட்ரா கணக்கு கொண்டுவந்தபோது, "கர்த்தருடைய வேலைதானே மேஸ்திரி, விட்டுக்கொடுங்க" என்றேன். மேல்தளத்தில் மயிரிழைக் கீறல் இருந்தது. அதைக் காரணம் காட்டி, பேசின கூலியிலேயே 22,000 ரூபாயை நிறுத்திக்கொண்டேன்.

கான்கிரீட் போட்டால் குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது என்று முதலிலேயே பேசியிருந்தோம். அந்த வாரம் கன்வென்ஷன். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. கீறலுக்குக் காரணம் யார் என்று எனக்கு உள்ளத்தில் தெரியும்.

மேஸ்திரி சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், பின்வாங்கிப்போன ஆத்துமா என்று அவர் பெயரைச் சொல்லி உங்களையெல்லாம் ஜெபிக்க வைத்தேன்!

ஒரு சனிக்கிழமை இரவு யாக்கோபு நிருபத்தில் பிரசங்கம் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடும், அது கர்த்தருடைய காதில் விழும் என்கிற இடத்துக்கு வந்ததும் பேனா ஓடவில்லை. "மகனே, நீ அவனுக்காக ஜெபிக்கிறாய்; அவனோ உன்னைக் குறித்து என்னிடத்தில் முறையிடுகிறான்" என்று ஆவியானவர் உணர்த்தினார்.

விடியற்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். அவர் மனைவி சொன்னார்: "சித்தாளுங்களுக்குக் கொடுக்கணும்னு மூணு வட்டிக்கு வாங்கினாரு ஐயா. பதினாலு மாசமா மாசம் 660 ரூபா வட்டி மட்டும் கட்டுறோம்." அந்தத் திண்ணையிலேயே முழங்கால்படியிட்டேன். பிறகு அசலையும் வட்டியையும் சேர்த்து 31,240 ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன். அவர் எண்ணி வாங்கிக்கொண்டார். "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி ஆராதனைக்கு வருகிறார். அவர் இன்னும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இடறலைத் திருப்பி எடுப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

எழுதி வையுங்கள்

"விசுவாசிகளுக்குள்ளே எதுக்கு பாஸ்டர் பத்திரம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எரேமியா தன் சொந்தக்காரனிடத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கினபோது பத்திரம் எழுதினார், சாட்சிகளை வைத்தார், முத்திரை போட்டார். இன்னொரு பிரதியைத் திறந்தும் வைத்தார் (எரேமியா 32:9-14). தீர்க்கதரிசிக்கே பத்திரம் வேண்டுமானால் நமக்கு வேண்டாமா? சதுர அடி எவ்வளவு, என்ன கம்பி, என்ன சிமெண்ட், எந்த மட்டம் முடிந்தால் எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள், விலை ஏறினால் யார் பொறுப்பு, எக்ஸ்ட்ரா வேலைக்கு என்ன ரேட், தண்ணீர் யார் ஊற்றுவது எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

மீறி வழக்கு வந்தால்?

முதலில் தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போங்கள். பிறகு சபை (மத்தேயு 18:15-17). சகோதரனோடு வழக்காடுவதைப் பவுல் கண்டித்தார், உண்மைதான். ஆனால் அதே இடத்தில் சகோதரனை வஞ்சிக்கிறவனையும் கண்டித்தார் (1 கொரிந்தியர் 6:8). ஏமாந்தவரை மட்டும் "பொறுத்துக்கொள்" என்று அடக்குவது ஊழியம் அல்ல. சபைக்கும் செவிகொடாதவனுக்குத் தேசத்தின் சட்டம் இருக்கிறது. 1993-ல் செய்த திருத்தம் முதல் வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவையாக இருக்கிறது. 2019-ம் ஆண்டின் புதிய சட்டத்திலும் உண்டு. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் ஆணையத்தில் முறையிட வேண்டும். கூலி பாக்கியுள்ளவரும் சமரசத்துக்கு லோக் அதாலத்துக்குப் போகலாம். அங்கே கோர்ட் கட்டணம் இல்லை.

நான் முதலில் சொன்ன இரண்டு சகோதரரும் போன வாரம் அந்த அரைகுறை வீட்டில் சந்தித்தார்கள். நம் சபை இன்ஜினியர் தம்பி டேப் வைத்து அளந்தார். இருவர் கணக்கிலும் தப்பு இருந்தது! இருவரும் ஒத்துக்கொண்டு, புதிதாய் எழுதிக் கையெழுத்திட்டார்கள். நாளை முதல் வேலை ஆரம்பம். வீடு முடியட்டும், அப்பொழுது ஸ்தோத்திரம் சொல்லுவோம்.

தேவப்பிள்ளையே, உனக்கு ஒரு பாக்கி இருக்கிறதா? முடிக்காத ஒரு சுவர் இருக்கிறதா? அடுத்த திருவிருந்துக்குமுன் அந்த வாசற்படியை ஏறு.

ஜெபம்: அன்பின் பரலோக பிதாவே, நாங்கள் பேசின ஒவ்வொரு பேச்சையும் நீர் கேட்டீர். நான் நிறுத்திவைத்ததைக் கொடுக்கவும், பாதியில் விட்டதை முடிக்கவும் எனக்குக் கிருபை தாரும். வெட்கத்தை எடுத்துப்போட்டு என்னை அவர் வீட்டுக்கு நடத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், நல்ல பிதாவே. ஆமென்!