வழக்கை நம்பிப் பங்கு

நாவலூர் ஐ.டி. அலுவலகங்களில் மதிய இடைவேளையில் பங்கு விலை பார்ப்பவருக்கு, 'பெரிய கார் நிறுவனத்தின் மேல் சின்ன நிறுவனம் காப்புரிமை வழக்கு' என்ற செய்தி லாட்டரிச் சீட்டு மாதிரி மினுங்கும். சீட்டுக்குக் குலுக்கல் தேதி உண்டு. வழக்குக்குக் கிடையாது.

விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பரை உருவாக்கிய ராபர்ட் கேர்ன்ஸ் 1978-ல் ஃபோர்டு மீது வழக்குப் போட்டார். சுமார் 1 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது 1990-ல். ஹைபிரிட் நுட்பத்துக்காக டொயோட்டாவுடன் மோதிய பெய்ஸ் நிறுவனம் 2005-ல் ஜூரி முன் வென்றது. ஆனாலும் கேட்ட விற்பனைத் தடை கிடைக்கவில்லை. காருக்கு 25 டாலர் ராயல்டி என்றுதான் முதலில் தீர்ப்பானது.

சென்னையில் மோதியவர்களோ இருவருமே பெரியவர்கள். இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் 2007-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2008-ல் தடை வந்தது, 2009-ல் விலகியது. இத்தகைய வழக்குகளைப் பொதுவாக நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே சொன்னது. சமரசம் வந்ததோ 2019-ல்! இந்தியாவில் ஒரு காப்புரிமையின் ஆயுளே 20 ஆண்டுதான்.

அத்தனை காலமும் இருவருக்கும் விற்க வண்டிகள் இருந்தன. வழக்கு மட்டுமே சொத்தாக உள்ள நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முதலில் தேட வேண்டியது காப்புரிமை எண்ணை அல்ல. கையிருப்பு எத்தனை ஆண்டு வக்கீல் கட்டணத்தைத் தாங்கும், அது தீர்ந்தால் புதுப் பங்குகள் வெளியிட்டு பழைய பங்குதாரரின் பங்கைக் கரைப்பார்களா என்பதை.