உறுமியும் இரண்டு கட்சியும்

மலேசியாவில் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டக் கோயில்களில் உறுமி மேளம் இல்லாமல் திருவிழா களைகட்டாது. ஆனால் எப்படி அடிக்க வேண்டும் என்று கேட்டால், ஒரே பந்தலுக்குள் இரண்டு கட்சி.

வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலை அழுத்தித் தேய்த்தால்தான் அந்த உறுமல் பிறக்கும். மறுபக்கத்தில் இன்னொரு குச்சி அடிக்கும். பெரியவர்களுக்கு அந்தத் தேய்ப்பே போதும். நிதானமாக ஏறி, அருள் வரும்வரை காத்திருக்கிற அடி அது. பையன்களுக்கு வேகம் வேண்டும், சினிமா மெட்டு வேண்டும், குழுப் பெயர் போட்ட டீ-சட்டையும் வேண்டும்.

"இது சாமிக்கா, உங்களுக்காடா?" என்பார் ஒரு தாத்தா.

"நாங்க அடிக்கலன்னா யாரு தாத்தா அடிப்பா?"

நியாயமான கேள்வி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஜனங்கள் தோட்டத்தைவிட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குக் குடிபோன பிறகும் உறுமியைத் தோளில் மாட்டுகிறவர்கள் இவர்கள்தானே?

தேருக்கு முன்னால் குத்துப்பாட்டு எனக்கும் ஒவ்வாது. அதற்காக மேளத்தையே நிறுத்துவதா? சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் மேளதாளத்துக்கு 1973-இல் தடை வந்தது; 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அந்த வழி நமக்கு வேண்டாம். தேர் கிளம்பும்போது பழைய அடி, நிலைக்கு வந்தபின் பையன்கள் இஷ்டம் என்று கோயில் கமிட்டி சொன்னால் எனக்குச் சம்மதம். பழைய அடி எது என்று அடுத்த சண்டை வரும், வரட்டும்.