அப்பீல் இல்லாத தீர்ப்புகள்

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனின் விசாரணை, தீர்ப்பு, தூக்கு மூன்றும் ஒரே நாளில் நடந்து முடிந்தன. விசாரித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மன். முந்தைய மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கித் தன் ஆட்களைப் பறிகொடுத்தவரும் அவர்தான். பாளையக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் முன்னிலையில் குற்றங்களை வாசித்தார்கள். கிஸ்தி பாக்கி, கலெக்டர் கூப்பிட்டும் வராதது, சிவகிரிப் பக்கத்துக் கலகத்துக்கு ஆள் அனுப்பியது, கோட்டையை ஒப்படைக்காமல் எதிர்த்து நின்றது. கட்டபொம்மன் கெஞ்சவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் பானர்மன் சென்னைக்கு ஓர் அறிக்கை எழுதினார். தன் காரியத்தை நியாயப்படுத்த எழுதிய காகிதம் அது. ஆனாலும் ஒரு விஷயத்தை அவரால் விட்டுவிட முடியவில்லை. விசாரணை நேரம் முழுக்க அந்த மனிதர் அஞ்சாமல், அலட்சியமாக நின்றார். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி வெறுப்போடு பார்த்தார். தூக்குமரத்துக்கு நடந்தபோதும் நடை தளரவில்லை. வழியில் அவர் கவலைப்பட்டதெல்லாம் வாய் பேசாத தம்பியைப் பற்றித்தான். கொன்றவர் கையால் எழுதப்பட்ட சாட்சியம் இது. கட்டபொம்மனைப் பற்றி எத்தனையோ படித்தாயிற்று. இந்த ஒரு பத்திதான் இன்னும் என் தொண்டையை அடைக்கிறது.

அந்தத் தூக்குக்கு நூற்றறுபது ஆண்டுகள் கழித்து, 1959இல், பி. ஆர். பந்துலு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்தார். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி வசனம், சிவாஜி கணேசன் குரல். படம் ஓடி முடிந்தபின்பும் அதன் வசனம் இசைத்தட்டாகச் சுற்றியது. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் ஒலித்தது. கயத்தாறில் பேச விடாமல் முடித்த மனிதருக்கு ஊர் ஊராகப் பேச இடம் கிடைத்தது என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். சினிமா வருவதற்கு முன்பே நெல்லைச் சீமையில் அவரைப் பற்றிய கதைப்பாடல்கள் இருந்தன. நா. வானமாமலை அவற்றைத் தேடிப் பதிப்பித்தார். கேட்கப்படாத வழக்கை மக்கள் தங்கள் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

என் அலமாரியில் ஒரே தட்டில் மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது: சரித்திரப் படங்களின் கதை வசனப் புத்தகங்கள், சட்டப் புத்தகங்கள், பழங்கதைகள். பார்க்கிறவர்களுக்கு இது ஒழுங்கில்லாத அடுக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றும் ஒரே கேள்வியைத்தான் விடாமல் கேட்கின்றன: ஒரு மனிதரைப் பற்றி முடிவு சொல்லும் முன் அவரைக் கேட்டாயா?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்குள் வந்து நின்றதும், நீ யார் என்று அவன் கேட்கிறான். அவள் உடனே புருஷன் கோவலனின் கதையைத் தொடங்கிவிடவில்லை. புறாவுக்காகத் தன்னைத் தந்த மன்னனையும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனையும் சொல்லி, அவர்களுடைய புகார்தான் தன் ஊர் என்கிறாள். தேர்ந்த வக்கீல் முதலில் செய்கிற வேலை இது. வழக்குக்கு முன் முன்தீர்ப்பு. அவள் காலத்தில் பழங்கதைதான் சட்டப் புத்தகமாக இருந்திருக்கிறது.

பிறகு சாட்சியம். அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம். கொண்டுவரச் சொல், உடைத்துக் காட்டுகிறேன். 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில் விஜயகுமாரி சிலம்போடு நீதி கேட்கும் கட்டத்தை மறக்காதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய நடை. அரசன் தேவியின் ஊடலைத் தணிக்க அந்தப்புரம் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் குறுக்கிட்டு, சிலம்புத் திருடன் அகப்பட்டான் என்கிறான். நடந்துகொண்டே ஒரு வாக்கியத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. கோவலனைப் பார்த்த காவலர்களில் சிலர் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் விடவில்லை. திருடர்கள் கற்ற நூல் என்று ஒன்றை எடுத்துக் காட்டி, மந்திரம், மருந்து, தந்திரம் என்று அவர்கள் கைக்கொள்ளும் எட்டு வழிகளை அடுக்குகிறான். நூலைக் காட்டினால் சந்தேகம் வாயடைத்துப் போகும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசுகிறான். கோவலனிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கண்ணகியின் கதையை நீதிக்கதை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த நூலின் உரைபெறு கட்டுரையில் வருகிற ஒரு செய்தியை மட்டும் சொல்வதில்லை. மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான். ஆயிரம் பேர். சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் ஒருவன். மற்றவர்கள் அவனுடைய தொழிலைச் செய்தவர்கள், அவ்வளவுதான். கேட்காமல் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக, கேட்காமல் இன்னும் ஆயிரம் பேர். அவர்களுக்காகச் சிலம்பேந்தி எந்த அவைக்கும் யாரும் போகவில்லை. அவர்கள் மனைவிமார் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கண்ணகி முன்தீர்ப்பாகக் காட்டினாளே, மனுநீதிச் சோழனின் அந்தத் தேர்க்கால் கதையையும் சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். சேக்கிழார் அதைத் திருவாரூரில் நடந்ததாக விரித்துச் சொல்கிறார். இளவரசன் தேரில் போகிறான். கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தினிடையே விழுகிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு விபத்தைப் பற்றியது: கெட்ட எண்ணமும் அறிவும் இல்லாமல், செய்யத்தக்க காரியத்தை உரிய கவனத்தோடு செய்கையில் நேர்ந்த விபத்து குற்றமாகாது. உரிய கவனம் இருந்ததா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அமைச்சர்கள் பரிகாரம் சொல்கிறார்கள், அரசன் ஏற்கவில்லை. என் மகன் என்பதால் சலுகையா என்ற அவனுடைய மறுப்பில் உள்ள நேர்மை பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அவையில் இளவரசனைக் கேட்டதாக ஒரு சொல் இல்லை. தேரை ஓட்டும்படி ஏவப்பட்ட அமைச்சர் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விடுகிறார். அரசனே ஓட்டுகிறான்.

இங்கேதான் கதை ஒரு காரியம் செய்கிறது. திருவாரூர் வீதியில் சிவபெருமான் விடைமேல் தோன்றுகிறார். கன்று எழுகிறது, மகன் எழுகிறான், அமைச்சரும் எழுகிறார். பக்தியோடு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது திருவருள், எனக்கும் அப்படியே. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. கதை சொன்னவர்களுக்கே அந்தத் தீர்ப்பை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. திருப்ப முடியாத தண்டனையைத் திருப்பக் கடவுளைத் தவிர வேறு வழி அவர்கள் காலத்தில் இல்லை. கோவலனுக்கு அந்த வழியும் திறக்கவில்லை; அதனால்தான் மதுரை எரிந்தது.

கடவுள் வந்து நிற்பார் என்று நம்பி ஒரு கோர்ட் நடத்த முடியாது. சட்டப் புத்தகத்தின் வறண்ட பக்கங்களை நான் மரியாதையோடு புரட்டுவதற்குக் காரணம் அதுதான். 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313 என்று ஒரு பிரிவு இருந்தது. அரசுத் தரப்பு சாட்சியெல்லாம் முடிந்தபின், உனக்கு எதிராக இன்னின்னது வந்திருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரை நேராகக் கேட்கவேண்டும். சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாவிட்டால் அதற்காகத் தண்டனையும் கிடையாது. கேட்கவேண்டும், அவ்வளவே. கோர்ட் வராந்தாவில் வக்கீல்கள் "இன்னைக்கு 313" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஏதோ ஒரு வாய்தா என்றுதான் நமக்குக் கேட்கும். கோவலனிடம் கேட்கத் தவறிய கேள்வி அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

குற்றவாளி என்று முடிவான பிறகும் தண்டனை என்ன என்பதைப் பற்றித் தனியாக ஒருமுறை கேட்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 235ஆம் பிரிவு சொன்னது. 366ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தால், ஹைகோர்ட் உறுதி செய்யும்வரை அதை நிறைவேற்றக்கூடாது. தண்டிக்கப்பட்டவர் அப்பீல் செய்யாவிட்டாலும், மனம் வெறுத்து, போதும் என்று சொல்லிவிட்டாலும், கட்டு மேலே போயாகவேண்டும். ஹைகோர்ட்டில் குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திடவேண்டும்; வேண்டுமானால் மறுபடி விசாரிக்கச் சொல்லலாம், புதிய சாட்சியம் எடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டன. இந்த ஏற்பாடுகள் புதிய சட்டத்திலும் தொடர்கின்றன.

இந்தப் பிரிவுகளை எழுதியவர்கள் நீதிபதியைச் சந்தேகித்தார்கள் என்று சொன்னால் அது பாதிதான். தங்களையே சந்தேகித்தார்கள். மனிதன் எவ்வளவு கற்றவனானாலும், எவ்வளவு நல்லவனானாலும் தவறுவான் என்பதை ஒரு நாடு தன் சட்டப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டு, அதற்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பாண்டியன் கெட்டவனில்லை, தவறு தெரிந்த கணத்தில் உயிரை விட்டவன். மனுநீதிச் சோழன் கெட்டவனில்லை. அவர்களிடம் நேர்மை குறைவில்லாமல் இருந்தது. நான் தவறியிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க ஒரு பொழுதுதான் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அந்தக் கதவு எப்போதும் அகலத் திறக்கும் என்று சொல்லமாட்டேன். அதே தண்டனைச் சட்டத்தின் 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவை வைத்துத்தான் 1908இல் வ.உ.சி.க்கு இரட்டைத் தீவாந்திரம் விதித்தார் நீதிபதி பின்ஹே. ஒன்று முடிந்தபின் மற்றது, ஆக நாற்பது ஆண்டுகள். அப்போது வ.உ.சி.க்கு வயது முப்பத்தைந்து, அவரும் ஒரு வக்கீல். அப்பீலில் தண்டனை வெகுவாகக் குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் அவர் நடத்திய கப்பல் போயிற்று, கப்பல் கம்பெனி போயிற்று, உடம்பு தேய்ந்தது. கோவைச் சிறையில் இழுத்த செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். 1961இல் அதே பந்துலு, அதே சிவாஜியை வைத்துக் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். அந்த அப்பீல் நீதி வழங்கியதாக நான் நினைக்கவில்லை. உயிரோடு திரும்ப விட்டது. பறிபோன வக்கீல் சன்னது திரும்பக் கிடைக்க வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவினார். வ.உ.சி. அந்த நன்றியைத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்துக் காட்டினார். தன்னை நசுக்கிய கோர்ட்டில் தன்னைக் கேட்ட ஒருவரை அவர் மறக்கவில்லை.

கட்டபொம்மன் வழக்கிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. 1798இல் கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவைத்து, ராமநாதபுரத்தில் சந்தித்தபோது கைகலப்பு மூண்டு, லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். சினிமாவில் நாம் கைதட்டிய சந்திப்பு இதுதான். அதற்குப் பிறகு நடந்தது பலருக்கு நினைவில் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு விசாரணைக் குழு அமைத்தது. கட்டபொம்மன் அதன் முன் போய்த் தன் தரப்பைச் சொன்னார். குழு அவர்மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தார். அந்நியரேயானாலும் உட்கார்ந்து கேட்டபோது உண்மை அவர்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு கேட்க மனமில்லை, கயத்தாறு நடந்தது.

இவ்வளவு சொன்னபின் எட்டப்பனைத் தாண்டிப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழில் காட்டிக்கொடுத்தவனுக்கு அதுதான் பெயர். அரசியல் மேடையிலும் தெருச் சண்டையிலும் அதைவிடக் கூர்மையான வசை இல்லை. அது எட்டயபுரத்து ஆட்சியாளர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு பல காலமாக இருந்தது. ஒவ்வொரு பாளையத்தின் கழுத்திலும் கம்பெனியின் கிஸ்திக் கயிறு இருந்தது. எட்டயபுரம் கம்பெனிப் படையோடு நின்றது உண்மை. அதற்குரிய பழியை அது சுமக்கட்டும். எந்த நெருக்கடியில், எந்த அச்சத்தில், எந்தப் பழம்பகையில் அப்படி நின்றார்கள் என்று அவர்களைக் கேட்ட சினிமா இல்லை, மேடை இல்லை. உமறுப்புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது அங்கே. பாரதி பிறந்தது அங்கே. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் ஊரைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரும். பார்த்திருக்கிறேன். எட்டு தலைமுறைக்கு முந்தைய ஒரு முடிவுக்கான தண்டனையை அந்தச் சிரிப்பு இன்றைய மனிதர்மேல் நிறைவேற்றுகிறது. ஆயிரம் பொற்கொல்லர்களுக்கு நடந்ததும் இதே வகைதான்.

படத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. கட்டபொம்மனுக்குக் குரல் கொடுக்க ஆளில்லாத இடத்தில் அது வந்து நின்றது. அந்த நன்றி எனக்குக் கடைசிவரை இருக்கும். அது கொடுத்தது ஒரு தரப்பின் வாதம். மேலே போகவேண்டிய கட்டு இன்னும் போகவில்லை. பாஞ்சாலங்குறிச்சியோடு எல்லை எப்படிப் பிரிந்தது, யார் யாருக்குக் கிஸ்தி எவ்வளவு, கலெக்டர் யாருக்கு எப்படி எழுதினார் என்பதற்கெல்லாம் கம்பெனிக் காலத்துத் திருநெல்வேலி ஜில்லா ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எடுத்துப் படிக்கலாம்.