வில்லங்கச் சான்றில் வராதவர்

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆனதும் எனக்கும் மனை ஆசை வந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் நேற்றுவரை கம்பு விளைந்த கொல்லையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருப்பார்கள், கலர்க் கொடி பறக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஏற்றிவர வேன் நிற்கும். அப்படி லே-அவுட் போட்டவர்களில் ஒருவரிடம் ஆயிரத்து இருநூறு சதுர அடிக்கு டோக்கன் கொடுத்தேன்.

அவர் ஆபீஸ் ஒரே அறை. இரும்பு மேஜை, கண்ணாடிக்கு அடியில் லே-அவுட் வரைபடம், சுவரில் வீரராகவப் பெருமாள். கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தார். தாய்ப் பத்திரம், பட்டா, டிடிசிபி அப்ரூவல், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்த சான்று என்று ஒரு குறையும் இல்லை. பின்னால் 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, இந்தப் பக்கம் பலர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோதும் அவருடைய மனைகள் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன.

என் மாமனார் காகிதங்களைப் புரட்டவில்லை. “அது சரி, அவன் கூடப்பொறந்தவன் யாருன்னு தெரியுமில்ல?” என்றார்.

தெரியும். ஊருக்கே தெரியும். அண்ணன் அடிதடி வழக்கில் உள்ளே போய் வந்தவன். பிறகு சீட்டு நடத்தி, எஸ்டேட்டில் வேலை செய்த பெண்கள் மாதாமாதம் கட்டிய பணத்தோடு ஒரு ராத்திரியில் காணாமல் போனவன். தம்பியின் ஆபீஸ் வாசலில் இருந்த பலகையில் பெயருக்குப் பின்னால் ‘அண்டு பிரதர்ஸ்’ என்று இருந்ததாம். அதன்மேல் வெள்ளை அடித்திருந்தார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அடியிலிருந்து ‘பிரதர்ஸ்’ மெல்ல எட்டிப் பார்க்கும்.

டோக்கனைத் திருப்பிக் கேட்கப் போனேன். பணம் புரளவில்லை என்று பொய் சொன்னேன். டோக்கனைத் திருப்பித் தரும் வழக்கம் இந்தத் தொழிலில் கிடையாது. அவர் டிராயரைத் திறந்து முழுசாக எண்ணிக் கொடுத்துவிட்டு, “எங்க அண்ணன் விஷயமா சார்?” என்றார். இல்லையே என்றேன். நம்பியதுபோல் தலையாட்டினார்.

2015 மார்ச்சில் நியூயார்க் ரியல் எஸ்டேட் குடும்பத்து ராபர்ட் டர்ஸ்ட் கொலை வழக்கில் கைதான செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த டிராயர் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. செய்தி முழுக்க ராபர்ட்டைப் பற்றியது. நான் தேடித் தேடிப் படித்ததோ அவருடைய தம்பி டக்ளஸைப் பற்றி.

தாத்தா ஜோசப் டர்ஸ்ட் 1902-இல் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன தையல்காரர். 1915-இல் முதல் கட்டடம் வாங்கினார். அப்பா சீமோர் அமெரிக்க அரசின் கடன் எவ்வளவு என்று காட்டிக்கொண்டே இருக்கும் ராட்சத மின்பலகையை 1989-இல் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் தன் செலவில் மாட்டியவர். அவருடைய கெட்டிக்காரத்தனம் துண்டு நிலங்களைச் சேர்ப்பதில் இருந்தது. நம் ஊரில் ஒரு ஏக்கரை வாங்கி மனைமனையாகப் பிரித்தால்தான் காசு. மன்ஹாட்டனில் நேர் எதிர். இன்று ஒரு கடை, ஐந்து வருடம் கழித்து அதை ஒட்டிய வீடு என்று சத்தமில்லாமல் வாங்கி, ஒரு முழு பிளாக்காக்கினால்தான் கோபுரம் எழுப்ப முடியும். பிரையண்ட் பூங்கா எதிரே சீமோர் 1960-களில் வாங்க ஆரம்பித்த துண்டுகள் ஒன்றுசேர நாற்பது வருடத்துக்குக் கிட்டப் பிடித்தது. அந்த இடத்தில் டக்ளஸ் 55 மாடிக் கட்டடம் எழுப்பினார். ராத்திரியில் மின்சாரம் மலிவு என்பதால் அடித்தளத்தில் ஐஸ் உறையவைத்து, பகலில் கட்டடத்தைக் குளிர வைக்க அதையும் பயன்படுத்துகிறார்கள். மனிதர் இயற்கை விவசாயத்திலும் ஈடுபாடு உள்ளவர் என்பதால் இந்த யோசனை எனக்கு ஆச்சரியமாக இல்லை. 2010-இல் ஒன் வேர்ல்டு டிரேட் சென்டரிலும் அவர்களுடைய கம்பெனி பங்குதாரர் ஆனது.

இதையெல்லாம் ஆற அமரச் சொல்கிறேன். ஏனென்றால் டக்ளஸின் பெயரை எடுத்தால் யாரும் ஐஸ் தொட்டியைப் பற்றிக் கேட்பதில்லை.

கேட்பது அண்ணனைப் பற்றி. 1994-இல் சீமோர் மூத்தவனை விட்டுவிட்டு இளையவன் கையில் கம்பெனியைக் கொடுக்க முடிவு செய்தார். ராபர்ட் கோபித்துக்கொண்டு வெளியேறினார். அதற்குள்ளேயே அவர் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. 1982 ஜனவரி 31-க்குப் பிறகு அவர் மனைவி கேத்லீனை யாரும் பார்க்கவில்லை. 29 வயது, மருத்துவப் படிப்பை முடிக்கச் சில மாதங்களே பாக்கி. 2000-இல் ராபர்ட்டின் நெடுநாள் தோழி சூசன் பெர்மன் லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001-இல் டெக்சாஸில் ராபர்ட்டின் எதிர் அறைக்காரர் மோரிஸ் பிளாக் கொல்லப்பட்டார். உடலை வெட்டிக் கடலில் வீசியதை ஒப்புக்கொண்ட ராபர்ட்டை, தற்காப்பு என்ற வாதத்தை ஏற்று 2003-இல் ஜூரி விடுவித்தது. அந்த வழக்கில் தலைமறைவாக இருந்தபோது பிடிபட்டது எப்படித் தெரியுமா? கடையில் ஒரு சிக்கன் சாண்ட்விச் திருடி. காரில் 37,000 டாலர் ரொக்கம் இருந்தது.

சொத்தைப் பிரிப்பதில் சிக்கலில்லை. நம் ஊரில் விடுதலைப் பத்திரம் எழுதுகிற மாதிரி, 2006-இல் குடும்பம் சுமார் 6.5 கோடி டாலர் கொடுத்து ராபர்ட்டின் பங்கைத் தீர்த்துவிட்டது. பிறகும் அவர் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். அருகே வரக்கூடாதென்ற கோர்ட் உத்தரவை மீறியதாக வழக்கு நடந்தது, அதிலும் விடுதலை. ‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்கிறோம். அண்ணன் உடையான் எதற்கு அஞ்சினான் என்பதை 2021-இல் சூசன் கொலை வழக்கு விசாரணையில் டக்ளஸ் சாட்சிக் கூண்டில் சொன்னார். இவர் என்னைக் கொல்ல விரும்புகிறார் என்றார். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டே ராபர்ட்டுக்கு ஆயுள் தண்டனை. 2022 ஜனவரியில் இறந்தார்.

கூடப்பிறந்தவன் தவறினால் நம் மனசு இரண்டு வேஷம்தான் வைத்திருக்கிறது. ஒன்று விபீஷணன், இல்லாவிட்டால் கும்பகர்ணன். எதிரணிக்குப் போகாமலும் அண்ணனுக்காகச் சாகாமலும், காலையில் எழுந்து ஆபீஸுக்குப் போய்க் கட்டடம் கட்டுகிற மூன்றாமவனுக்கு வேஷமே கிடையாது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது இந்த மூன்றாமவன்தான்.

அவனை முழுசாக விடுவிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று கேத்லீனின் வீட்டார் பல வருடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. குடும்பப் பெயரை வைத்துக் கடன் வாங்குகிறோம், கட்டடம் கட்டுகிறோம், வாடகை வாங்குகிறோம். அதே பெயருக்கு உள்ளே வந்து வாழ்ந்த ஒரு பெண் என்ன ஆனாள் என்று யாராவது கேட்டால் மட்டும் அது அண்ணன் சமாச்சாரம் என்று நகர முடியுமா? ராபர்ட் கைதானதும் நிம்மதி அடைவதாகக் குடும்பம் அறிக்கை விட்டது. நேர்மையான வார்த்தை. கேத்லீனுக்குத்தான் 33 வருடம் தாமதம்.

ஆனால் இந்த மாதிரிக் கேள்வியை நான் எங்கள் ஊர்க்காரரிடம் கேட்டேனா? இல்லை. சீட்டு ஓடிய ராத்திரி உங்களுக்குத் தெரியுமா, அந்தப் பெண்கள் வாசலில் வந்து நின்றபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் அது அவர் செய்ததைப் பற்றிய கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருந்திருக்கலாம். நான் பார்த்தது அவர் பிறந்த வீட்டை. பத்திரத்தில் ‘இன்னார் குமாரர்’ என்று அப்பா பெயர் வரும், அண்ணன் பெயருக்கு இடம் கிடையாது. அந்த இடத்தை நான் உண்டாக்கி நிரப்பிவிட்டு, பணம் புரளவில்லை என்று வெளியே வந்தேன்.

பிறகு வேறு இடத்தில் மனை வாங்கினேன். விற்றவர் தனிப் பிள்ளை. சாக்கடை வருவதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை.

போன மாதம் ஆவின் பால் பண்ணைப் பக்கம் ஒரு வேலையாகப் போய்த் திரும்புகையில் அந்த ஆபீஸைத் தாண்டினேன். பழைய பலகையைக் கழற்றிக் கீழே சாத்தியிருந்தார்கள். தலை நரைத்த அவர் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். புதுப் பலகையை மாட்டப் பெரியவன் ஏணியில் நின்றான், சின்னவன் கீழே ஏணியைப் பிடித்திருந்தான். “ஆடாம பிடிடா” என்று மேலிருந்து சத்தம். பலகையில் அவர் பெயருக்குப் பின்னால், பெயிண்ட் காயாத எழுத்தில், ‘அண்டு சன்ஸ்’.