துறவிக்கு முன் ஒரு பங்கீடு

பிருஹதாரண்யக உபநிஷதத்தில், இல்லறம் துறந்து புறப்படும் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயியை அழைத்து, அவருக்கும் காத்யாயனிக்கும் உடைமைகளைப் பிரித்து வைக்க விரும்புவதாகக் கூறுகிறார். செல்வத்தால் அமரத்துவம் கிட்டுமோ என்ற மைத்ரேயியின் வினாவைப் பலரும் போற்றுவர். அதற்கு வாயிலாக அமைந்த பங்கீட்டைக் கருதுவோர் சிலரே. பற்றற்ற ஞானியும் குடும்பக் கடமையை முடித்தே புறப்பட எண்ணினார்.

உயில் எழுதுதல் அமங்கலம் என்று சிலர் அஞ்சுவர். பிள்ளைகள் ஒற்றுமையானவர்கள் என்று சிலர் தள்ளிப்போடுவர். ஆனால் பெற்றோரின் மௌனமே பிற்காலத்தில் உடன்பிறந்தோரை நீதிமன்ற வாயிலில் நிறுத்திவிடுகிறது. உயிலின்றி மறையும் இந்துவின் சொத்தை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பங்கிடும். நோயுற்ற மகனுக்குக் கூடுதல் ஆதரவு தேவை என்பதை அச்சட்டம் அறியாது.

உயிலுக்கு வேண்டுவன மிகுதியல்ல. தெளிந்த மனத்துடன் எழுதிக் கையொப்பமிட வேண்டும்; சாட்சிகள் இருவர் அதனைக் கண்டு கையொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வது நலம், எனினும் கட்டாயமன்று. உயிருள்ளவரை மாற்றியும் எழுதலாம்.

தனது என்று காத்த ஒவ்வொன்றின் எதிரிலும் பிறர் பெயரை எழுதும் கை, பற்றை விடப் பழகுகிறது. குடும்பத்திற்கு அது அமைதி. எழுதுபவருக்கு அதுவே சாதனை.